சக்கில் விட்ட சாவி

பிப்ரவரி 26, திங்கள்

முன்சக்கரக் குடம் இரண்டும் இன்று முடிந்தது. பித்தளை. பேரிங்கை விரலால் தள்ளினேன், வழுக்கிக்கொண்டு போய் டக்கென்று உட்கார்ந்தது. சுத்தியலைத் தொடவில்லை. சுத்தியல் கேட்கிற பேரிங் கடைந்தவளுக்கு அவமானம்.

பேத்தி மெலிஸ் நிஜ லாரி ஓட்டுகிறாள், நாற்பது டன். நான் அதையே பதினான்கில் ஒரு பங்காகச் செய்கிறேன். போகிற ஊரில் எல்லாம் வண்டியை நிறுத்தி, டேப் பிடித்து அளந்து போனில் சொல்வாள். நான் பதினான்கால் வகுத்துக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், பதினான்காம் வாய்ப்பாடு வரவேயில்லை. நானே போட்டு நிலவறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடையில் விற்கிற பிளாஸ்டிக் சக்கரம் போட்டு ஓட்டுகிறவர்கள் ஓட்டட்டும். என் பேத்தி லாரிக்கு எல்லாம் உலோகம்தான்.

மே மாதம் எங்கள் ரிமோட் லாரி கிளப்பின் திடலில் ஓட்டம். அதற்குள் டிரெய்லரைக் கவ்வும் தட்டு முடிய வேண்டும்.

முடியுமா என்பது என் மகன் எர்தான் கையில் இருக்கிறது. ஜனவரியில் லேத்தில் கடையும்போது உலோகச் சீவல் கிழித்துக் கட்டைவிரலில் தையல் போட்டதும், அதே வாரம் அடுப்பில் பாலை வைத்து மறந்து பாத்திரம் கருகியதும் அவனுக்குப் போதுமானதாகிவிட்டது. "இன்னொரு தடவை ஏதாவது ஆச்சுன்னா லேத் போயிடும்மா. பேச்சே கிடையாது" என்றான். நானும் தலையாட்டினேன். ஆட்டியிருக்கக் கூடாது.

மார்ச் 5, செவ்வாய்

எழுத்து கோணலாகப் போகிறது.

காலையில் முழங்கால் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு, சாப்பிட்டு, நிலவறைக்கு இறங்கினேன். விளக்கைப் போட்டேன். லேத்தில் துண்டைக் கவ்விப் பிடிக்கிற சக்கில், அதைத் திருகுகிற சாவி நின்றுகொண்டிருந்தது.

சக்கைத் திருகிய கையோடு சாவியை எடுத்து ஆணியில் மாட்ட வேண்டும். உள்ளே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டால் அது குண்டு மாதிரி பறக்கும். நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் ஒருவன் விட்டான். கூரைக் கண்ணாடி உடைந்து எங்கள் தலையில் விழுந்தது. அன்று சாயங்காலமே மேஸ்திரி எல்லோருக்கும் சுருள்வில் போட்ட சாவி கொண்டுவந்தார். கையை எடுத்தால் அதுவாக வெளியே துள்ளி விழும், சக்கில் நிற்கவே நிற்காது. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். நான் வாங்கவில்லை. "அது கத்துக்குட்டிங்களுக்கு, எனக்கு எதுக்கு?" என்றேன். அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாளும் நான் சாவியை விட்டதில்லை.

நேற்று மாலை மாட்டினேனா? மாட்டினேன். மாட்டியிருப்பேன்.

மார்ச் 6, புதன்

சாவியை விட்டது நான் இல்லை.

மார்ச் 8, வெள்ளி

சீவல் தட்டைக் கூட்டினேன். பித்தளைத் தூள், அலுமினியச் சுருள், நடுவில் ஒரு எஃகுச் சுருள். வெயில் பட்ட புறாக் கழுத்து மாதிரி நீலமும் ஊதாவும். சூடேற அழுத்திக் கடைந்தால்தான் அந்த நிறம் வரும். நான் அப்படி அழுத்துகிறவள் இல்லை.

ஆனால் கவ்வும் தட்டில் நுழைகிற டிரெய்லர் ஆணியை எஃகில்தான் கடைந்தேன். எப்போது? போன தடவை சீவல் தட்டைக் கூட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா? இதற்கு மட்டும் பதில் வரமாட்டேன் என்கிறது.

நிலவறைப் பூட்டுக்கு மூன்று சாவி. ஒன்று என்னிடம். ஒன்று எர்தானிடம், அவனுக்கு லேத்தின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாது, காப்பீட்டு அலுவலகத்தில் சட்டை கசங்காமல் உட்கார்ந்திருப்பவன். மூன்றாவது கீழ்வீட்டு உல்ரிச்சிடம், தண்ணீர்க் குழாயை அடைக்கிற திருகு உள்ளே இருப்பதால்.

உல்ரிச் எங்கள் கிளப்தான். ரொட்டிக்கடை வைத்திருந்தவர். அவர் லாரிக்கு உலோகச் சாமான் எல்லாம் நான்தான் கடைந்து தருகிறேன், அவர் கசகசா கேக் செய்து தருவார். மாவு பிசைந்த கைக்கு இப்போது பித்தளை மேல் ஆசை வந்துவிட்டதோ?

மார்ச் 12, செவ்வாய்

இரண்டாம் நோன்பு. பகல் பன்னிரண்டு மணிக்குக் கேக்கோடு வந்து நிற்கிறார் உல்ரிச்.

"ஐயோ, நோன்பா! மறந்தே போச்சு நெர்மின் அம்மா. மூடி வைங்க, சாயங்காலம் சாப்பிடலாம்."

மறந்துபோயிற்றாம். எல்லோரும் மறக்கிறார்கள், என் மேல்தான் பழி.

போகிறவர் நின்று கேட்டார்: "அந்தக் கவ்வுத் தட்டுக்குள்ள ஸ்பிரிங் எப்படி வெச்சீங்க? ரெண்டு ராத்திரியா யோசிக்கிறேன், பிடிபடல."

"ஏன், இறங்கிப் பாத்துக்கலையா?" என்றேன்.

முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "பூட்டியில்ல இருக்கு?" என்றார்.

பூட்டியிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இறங்கிப் பார்த்தவருக்குத்தானே தெரியும்? கேக்கை மூடிக்கூட வைக்கவில்லை. காய்ந்துபோகட்டும்.

மார்ச் 17, ஞாயிறு

நோன்பு திறக்க எர்தானும் மருமகள் சில்கேயும் வந்தார்கள். பருப்புக் கஞ்சியை ருசித்துச் சாப்பிட்டான். திடீரென்று, "அம்மா, அந்த லேத் எந்த வருஷத்துது?" என்றான். இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி அவன் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி.

"உன்னைவிட மூத்தது. ஏன்?"

"சும்மாதான்." கொஞ்ச நேரம் கழித்து, "மறதி வர்றது ஒண்ணும் அவமானம் இல்லம்மா. எல்லாருக்கும் வரும்" என்றான்.

சில்கே அவன் காலை மேசைக்கடியில் உதைத்தாள். பார்த்துவிட்டேன்.

சாவி விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லையே! யார் சொன்னது? உல்ரிச்தான். இறங்குவதும் அவர், பார்ப்பதும் அவர், போன் போட்டு வத்தி வைப்பதும் அவர்.

மார்ச் 19, செவ்வாய்

படியில் உல்ரிச் வணக்கம் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

மறுபடி.

அதே சக், அதே சாவி. வகுப்பு முடிந்து வந்து இறங்கினால் கொக்கு மாதிரி நிற்கிறது. நேற்று மாலை நான் மாட்டினேன். ஆணியில் தொங்கியதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தேனா, இல்லை தினமும் பார்க்கிறதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா?

மோட்டாரைப் போடப் போன கையை நானே இன்னொரு கையால் பிடித்துக்கொண்டேன். அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து எர்தானுக்குப் போன் போட்டேன். எதுக்குப் போட்டேன்? பயம். தாங்கல. "டேய், நான் சாவிய சக்லயே விட்டுட்டேன்டா. ரெண்டாவது தடவை. எனக்கு நெனப்பே இல்லடா" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

"அம்மா, அது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "சரிம்மா. அழாதே. பெருநாள் முடியட்டும். லேத்தை நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன்.

மார்ச் 27, புதன்

தலையில் என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். செத்துப்போன என் மாமியாரின் தங்கைகள் பெயர்: எல்லாம் வந்தது. தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரத்தில் நின்றவர்கள்: வந்தது. பதினான்காம் வாய்ப்பாடு: வந்தது. நேற்று முன்தினம் ராத்திரி என்ன சாப்பிட்டேன்?

வரவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

இறங்கவில்லை. தட்டு பாதியில் கிடக்கிறது. சோபாவில் உட்கார்ந்து கண்ணால் தொலைக்காட்சி பார்க்கிறேன், காதுக்கு லேத் சத்தம் கேட்கிறது.

ஏப்ரல் 6, சனி

மெலிஸ் போன் செய்தாள். எங்கேயோ நெடுஞ்சாலை ஓரம், பின்னால் வண்டிகள் உறுமுகின்றன.

"அப்பாயி, தட்டு என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டுக்கொண்டே சூயிங்கம் மென்றாள்.

"பால மறப்ப, சரி. மூக்குக் கண்ணாடிய நெத்தில வெச்சிக்கிட்டே தேடுவ, அதுவும் சரி. சக் சாவிய மறப்பியா நீ? போ அப்பாயி, நம்பற மாதிரி சொல்லு."

"வேற யாரு வருவா? பேயா?"

"எங்க ஆளுங்க வண்டிய நிறுத்திட்டுத் தூங்கப் போறப்ப டீசல் மூடி மேல ஒரு முடிய ஒட்டி வெப்பாங்க. காலையில முடி இல்லன்னா எவனோ கை வெச்சிருக்கான். நீயும் எதையாச்சும் வை. அழுதுட்டு உக்காந்திருக்காத. அழுகிற ஆளா நீ?"

முடியாம் முடி. முடி விழுந்தால் யார் என்று தெரியாது, வந்தான் என்றுதான் தெரியும். என்னிடம் அதைவிட நல்லது இருக்கிறது. நீலப்பசை.

இரண்டு உலோகம் எங்கே முட்டுகிறது என்று பார்க்கத் தடவுகிற எண்ணெய்ப் பசை. காயாது. ஒரு சொட்டு விரலில் பட்டால் கதவுப் பிடி, தேநீர்க் குவளை, தலையணை எல்லாம் நீலமாகும். சோப்புக்கு மசியாது. தொழிற்சாலையில் புதுசாய் வருகிறவர்களின் போன் காதில் தடவிச் சிரிப்போம்.

இன்னொன்றும் இப்போதுதான் உறைக்கிறது. இரண்டு தடவையும் செவ்வாய். நான் வகுப்புக்குப் போகிற நாள்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பெருநாளுக்கு முந்தைய நாள். சாவியின் குறுக்குக் கம்பிக்கு அடியிலும், லேத்தின் வெட்டுக் கத்தியை நகர்த்தும் கைச்சக்கரத்தின் உள்விளிம்பிலும் தடவினேன். மேலிருந்து பார்த்தால் தெரியாது. கையுறையோடு சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, அதைக் கழற்றி எறிந்தேன். வாய்விட்டுச் சொன்னேன்: "மாட்டிட்டேன். நான், நெர்மின், மாட்டிட்டேன்." பூட்டினேன். வகுப்புக்குப் போனேன்.

மாலை: இறங்கிப் பார்த்தேன். சாவி ஆணியில். பசை தடவியபடியே இருக்கிறது, ஒரு கை படவில்லை.

யாரும் வரவில்லை. யாரும் வருவதில்லை. அப்படியென்றால் அந்த இரண்டு தடவையும் நான்தான்.

உல்ரிச்சிடம் என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவேன்?

பக்லவா இனிப்பை அடுக்கி வைத்துவிட்டேன். பாகு ஊற்றினேன். ஊற்றினேனா என்று மறுபடி போய்ப் பார்த்தேன்.

ஏப்ரல் 10, புதன். பெருநாள்

எழுதுவதற்கு முன் கையைப் பார்த்துக்கொள்கிறேன். புறங்கையில் கட்டைவிரல் ரேகை, சுத்தமான நீலத்தில். கழுவவில்லை.

பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் எர்தான் வந்தான். சில்கே முன்னாலேயே வந்து சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். படியில் வேகமாய் ஏறிவந்த சத்தம் கேட்டது. எப்போதும் போலக் குனிந்து என் கையைப் பிடித்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றிக்கொண்டான். "பெருநாள் வாழ்த்தும்மா." நிமிர்ந்தான்.

நெற்றி நடுவில் நீலம்.

தட்டோடு வந்த சில்கே சிரித்துவிட்டாள். "என்ன எர்தான், நெத்தியில? பேனா உடைஞ்சிருச்சா?" அவன் துடைத்தான். அது புருவம் வரை பரவியது. விரல்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான்.

"உக்காருடா" என்றேன்.

உட்கார்ந்தான். பெருநாள் சட்டையின் கைப்பட்டையிலும் நீலம்.

"கீழ எதுக்குப் போன?"

"போட்டோ எடுக்கம்மா. வாங்கறவர் கேட்டார், நம்பர் தகடும் அந்தச் சாவியும் சேத்து."

"வாங்கறவர்னா?"

"விளம்பரம் போட்டிருந்தேன். ரெண்டு பேர் வந்து பாத்தாங்க."

"செவ்வாய்க்கிழமை."

"நீ இல்லாதப்ப வந்தா உனக்கு மனசு கஷ்டமா இருக்காதுன்னு..."

"ஓட்டிப் பாத்தாங்களா?"

"ஒரு இரும்புத் துண்டு கொண்டாந்தார். கடைஞ்சு பாத்தார்."

அழுத்திக் கடைகிற தடியன். அந்த நீலச் சுருள் அவனுடையது.

"சாவிய சக்லயே விட்டுட்டுப் போனாங்களே, எனக்குத்தான் போன் பண்ணினியே..." இல்லை, நான்தானே அவனுக்குப் போன் பண்ணினேன். கோபத்தில் வார்த்தை புரண்டது. "நான் உனக்குப் போன் பண்ணி அழுதேனேடா. புத்தி கெட்டுப் போச்சுன்னு அழுதேனே. அப்பவே உனக்குத் தெரியும், நான் இல்லைன்னு. தெரியுமா தெரியாதா?"

கைப்பட்டையின் நீலத்தைத் தேய்த்தான். சில்கே தட்டை மேசையில் வைத்துவிட்டு, "எனக்கு விளம்பரம் தெரியும் அத்தை. இது தெரியாது. எர்தான், சொல்லு" என்றாள்.

"தெரியும்" என்றான். "சொல்லத்தான் வாயெடுத்தேன். நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆனதும் சுலபமா போச்சு. சண்டை போடாமலே முடிஞ்சிரும்னு... உன் கட்டைவிரல்ல ரத்தம் கொட்டினத நான்தானேம்மா துடைச்சேன். ஒவ்வொரு நாளும் போன் அடிச்சா உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னுதான் எடுக்கறேன்."

அறைய வேண்டும் போல இருந்தது. பெருநாள். பக்லவாத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினேன். "தின்னு. விளம்பரத்த எடு. உன் நிலவறைச் சாவிய வை."

சாவியை வைத்தான். அதிலும் நீலம்.

அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு நான் சிரித்தேன். அழுதுகொண்டேதான், ஆனால் சிரித்தேன். ஏமாற்றியவன் என் பிள்ளை. அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் தலை என்னுடையதுதான். இதைவிடப் பெரிய பெருநாள் காசு எனக்கு யார் தருவார்?

ஏப்ரல் 11, வியாழன்

புதுப் பூட்டு போட்டேன். ஒரே சாவி. கயிற்றில் கோத்து என் கழுத்தில்.

உல்ரிச் வீட்டுக்குப் பக்லவா கொண்டுபோனேன். உங்களைச் சந்தேகப்பட்டேன் என்று நேராகவே சொன்னேன். வாயில் வைத்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நான் வேற நெனைச்சேன். போன தடவை கேக்குல உப்பு தூக்கலாப் போச்சோன்னு." பிறகு, "என்னத்த அங்க திருடுறது? எனக்கு அந்த மிஷினைக் கண்டாலே பயம், நெர்மின் அம்மா" என்றார்.

தண்ணீர்க் குழாய்க்கு என்ன செய்வது என்று கேட்டார். என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். ஸ்பிரிங் எப்படி வைத்தேன் என்பதையும் படம் போட்டுக் காட்டினேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

கவ்வுத் தட்டு முடிந்தது.

மே 18, சனி

கிளப் திடலில் ஓட்டம். மெலிஸே ரிமோட் பெட்டியைக் கையில் வாங்கி ஓட்டினாள். நிஜத்தில் ஓட்டுகிற மாதிரியே கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் எடுத்தாள். டிரெய்லர் ஆணி தட்டுக்குள் நுழைந்ததும் க்ளிக். அந்தச் சத்தத்துக்குத் திடலில் இருந்த கிழவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ஒருவர் குனிந்து மண்ணில் முட்டி போட்டுச் சக்கரத்தைப் பார்த்து, "எந்தக் கடையில வாங்கினது?" என்றார்.

"கடையா?" என்றாள் மெலிஸ். "எங்க அப்பாயி வாங்கித் தரமாட்டாங்க, கடைஞ்சுதான் தருவாங்க. ஆர்டர் குடுக்கணும்னா வரிசையில நில்லுங்க."

பேசாமல் நிற்பதில் உள்ள சுகமே தனி.

எர்தான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தான். உள்ளே வா என்று கூப்பிட்டேன். வந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

ஜூன் 3, திங்கள்

உல்ரிச்சின் லாரிக்குப் பின்சக்கரக் குடம் கடைய இறங்கினேன்.

சக்கில் சாவி.

பூட்டைப் பார்த்தேன். கீறல் இல்லை. சன்னல் கம்பி அசையவில்லை, ஒட்டடைகூட அறுபடவில்லை. மேலே ஏறி உல்ரிச்சைக் கேட்டேன், ஊருக்குப் போயிருந்தேன், இன்று காலையில்தான் வந்தேன் என்றார். எர்தானுக்குப் போன் போட எடுத்தேன். எதைக் கேட்பது? கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். கயிறு இருந்தது. சாவி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை கொஞ்ச நேரம் இறங்கினேன். சக்கில் ஒரு பித்தளைத் துண்டை மாட்டினேன். மேலே போன் அடித்தது. ஏறினேன்.

ஏறினேன். அவ்வளவுதான் இருக்கிறது. அதற்குமேல் வரவில்லை.

மார்ச்சில் இரண்டு தடவையும் அவர்கள்தானே? அவர்கள்தான். எர்தான் ஒத்துக்கொண்டானே.

ஜூன் 4, செவ்வாய்

வகுப்புக்குப் போகவில்லை. உருக்குக் கம்பியை ஒரு தடியில் சுற்றிச் சுருள்வில் செய்தேன். சக் சாவியின் முனைக்குப் பித்தளையில் ஒரு வளையம் கடைந்து, வில்லை அதற்கும் கைப்பிடிக்கும் நடுவில் போட்டேன். சக்கில் செருகி அழுத்தினேன், கையை எடுத்தேன். துள்ளி விழுந்து தரையில் கிணீரென்றது. மறுபடி செருகினேன். மறுபடி விழுந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. மேஸ்திரி கொடுத்ததைவிட நன்றாக வந்திருக்கிறது.

மாலையில் பூட்டுக் கடைக்குப் போய் நிலவறைக்கு இன்னொரு சாவி வெட்டிக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை எர்தான் வருவான், கொடுக்க வேண்டும். ஏன் என்று கேட்பான்.

சொல்ல வேண்டும்.